ஒளியால் ஒட்டுப் போடுகிறார்கள்!

வீட்டில் எதை வைத்துக் கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? சந்தேகம் என்ன, உங்களுக்குத்தான். குக்கரின் கைப்பிடி ஆடினால் திருகை முடுக்கி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுகிறீர்கள். ஆனால் குக்கரின் உடம்பிலேயே கீறல் கண்டுவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரர் பற்றவைத்துக் கொடுத்தாலும் அதை மறுபடி அடுப்பில் ஏற்ற மாட்டீர்கள். புடவையில் ஆணி மாட்டிக் கிழிந்தால் தைத்துக் கட்டுகிறீர்கள். நூலே இற்றுப் போன புடவையில் ஊசி போடுவதில்லை. எது செப்பனிடத் தக்கது, எது தகாதது என்ற இந்த விவேகத்தை நீங்கள் எந்தக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் வாங்கவில்லை. கண்ணும் கையும் சொல்லிக் கொடுத்தது.

இப்போது ஒரு கேள்வி. கோபித்துக் கொள்ளக் கூடாது. ஒட்டுப் போட்ட இஞ்சின் பொருத்திய ஆகாய விமானத்தில் ஏறுவீர்களா?

"ஐயையோ, மாட்டவே மாட்டேன்!" என்கிறீர்கள். ஆனால் ஏற்கெனவே ஏறியிருப்பீர்கள். மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கோ, டில்லிக்கோ, பெண்ணின் பிரசவத்துக்கென்று சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ பறந்திருந்தால், அந்த இஞ்சின் புத்தம் புதியதாக இருந்தாலொழிய, அதற்குள் செப்பனிட்ட உறுப்புகள் பல இருந்திருக்கும். அவற்றின் பேரில் நம்பிக்கை வைத்துத்தான் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தை வேடிக்கை பார்த்தீர்கள். அந்த நம்பிக்கை வீண் போகவும் இல்லை.

அந்த ஒட்டு எப்படிப் போடப்படுகிறது, எப்போது போடக் கூடாது என்பதுதான் இந்த வார விஷயம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து நேயர்கள் சற்றுக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். காரணம் போகப் போகத் தெரியும்.

அடுப்புக்குள் சுழலும் பூ

முதலில் விமான இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். முன்னால் ஒரு பெரிய விசிறி. அதற்குப் பின்னால் காற்றை அமுக்கும் பகுதி. இன்று நம் நாட்டில் பறக்கும் நடுத்தர விமானங்கள் பலவற்றில் 'லீப்' என்ற இஞ்சின் இருக்கிறது. அதில் காற்று ஏறக்குறைய 40 மடங்கு அமுக்கப்படுகிறது. அப்படி இறுகிய காற்றில், மண்ணெண்ணெய்க்குத் தங்கை முறை என்று சொல்லத்தக்க ஓர் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துகிறார்கள். எழும் தீக்காற்று பின்பக்கமாகச் சீறிப் பாயும்போது வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரத்துக்கு டர்பைன் என்று பெயர். டர்பைன் சுழல்வதால்தான் முன்னால் இருக்கும் விசிறியும் அமுக்கும் பகுதியும் சுழல்கின்றன.

டர்பைன் சக்கரத்தைச் சுற்றிலும் தாமரை இதழ்கள் போல அறுபது எழுபது தகடுகள் செருகப்பட்டிருக்கும். பிளேடு என்பார்கள். நாம் இதழ் என்றே சொல்வோம். இந்த இதழ்களின் மேல் வீசும் காற்றின் உஷ்ணம் 1,500 டிகிரிக்கும் மேலே போகும். இதழ்களோ நிக்கல் கலந்த உயர்ந்த உலோகம். அது ஏறக்குறைய 1,300 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும்! கொதிக்கிற பாயசத்தை வெண்ணெய்க் கரண்டியால் கிளறுவது போலத்தான்.

பின் ஏன் உருகவில்லை? இதழின் உட்புறத்தைக் கூடாகச் செய்து, அதற்குள்ளே குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். குளிர்ந்த காற்று என்றால் நம் கணக்கில் அதுவும் சுடுகாற்றுத்தான். தீயோடு பார்த்தால் தென்றல். அந்தக் காற்று இதழின் மேலுள்ள ஊசித் துளைகள் வழியாக வெளியே கசிந்து, மெல்லிய போர்வை போல அதை மூடிக் கொள்கிறது. அதற்கு மேல் பீங்கான் வகைப் பூச்சு வேறு.

உஷ்ணம் ஒன்று மட்டுமா? சக்கரம் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. ராட்டினத்தில் ஏறியவர்களுக்கு, சுற்றுகிற வேகத்தில் உடம்பு வெளிப்பக்கம் இழுபடுவது தெரியும். பெரிய இஞ்சின்களில் அந்த இழுப்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஓர் இதழின் நுனியில் ஒரு மாடி பஸ்ஸைக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்குமாம். அப்படிப்பட்ட இடத்தில் போடுகிற ஒட்டு எவ்வளவு நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எங்கே தேய்கிறது?

இதழின் நுனிக்கும், சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த இடைவெளி வழியாகத் தீக்காற்று வேலை செய்யாமல் நழுவிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு நெருக்கம். நெருங்கியிருந்தால் உரசலும் உண்டு அல்லவா? உரச உரச நுனி தேய்கிறது. தேயத் தேய இடைவெளி பெரிதாகிறது. அதே தூரம் பறக்க முன்பைவிட அதிகமாக எரிபொருள் பிடிக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாத குக்கரில் பருப்பு வேக எவ்வளவு காஸ் செலவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

முன்பகுதியிலுள்ள இதழ்களுக்கு வேறு தொல்லை. நம் நாட்டுக் காற்றில் தூசிக்கும் மணலுக்கும் பஞ்சமில்லை. மேலெழும்பும்போதும் இறங்கும்போதும் இஞ்சின் அத்தனையையும் விழுங்குகிறது. இதழ்களின் விளிம்பு மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. ஓடுபாதையில் கிடக்கும் சிறு கல் பட்டால் விளிம்பில் பல் விழுகிறது.

இத்தனைக்கும் போனது எவ்வளவு? நகக்கண் அளவு உலோகம். சில சமயம் அதிலும் கால் பங்கு. மற்றப்படி இதழ் கல்லுப் போல இருக்கிறது. தூக்கி எறியலாமா? பெரிய இஞ்சினில் ஒரே ஒரு டர்பைன் இதழின் விலைக்கு ஒரு சிறிய மோட்டார் கார் வாங்கிவிடலாம். அப்படி ஒரு வட்டத்துக்கு அறுபது எழுபது. நகக்கண் அளவு தேய்ந்ததற்காக அறுபது கார்களைக் குப்பையில் கொட்டுகிற தைரியம் எந்த விமானக் கம்பெனிக்கும் கிடையாது. கொட்டினால் அந்தச் செலவு உங்கள் டிக்கெட்டின் தலையில்தான் வந்து விடியும்.

பழைய வெல்டிங்கின் சங்கடம்

"அவ்வளவுதானே? தேய்ந்த இடத்தில் கொஞ்சம் உலோகத்தை வைத்து வெல்டிங் பண்ணிவிட்டால் தீர்ந்தது" என்று தோன்றும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகும்போது, பட்டறை வாசலில் முகமூடி போட்டுக் கொண்டு ஒருவர் நீலப் பொறி பறக்க வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அதைப் பார்க்காமல் அவர்கள் கண்ணை உடனே பொத்தியிருப்பீர்கள். அந்த மின்சாரப் பொறியைக் கொண்டுதான் விமான இதழ்களையும் வெகு காலம் செப்பனிட்டு வந்தார்கள். உலோகம் காற்றுப் பட்டுக் கெடாமல் ஆர்கான் என்னும் வாயுவை ஊதிக் கொண்டே, ஒரு கையில் பொறி, மறு கையில் மெல்லிய கம்பி என்று தையல் வேலை போல நுனியை வளர்ப்பார்கள். மகா நிபுணர்கள்தான். இன்றைக்கும் பல உறுப்புகளுக்கு அவர்கள் கைதான் கதி.

சங்கடம் அவர்கள் கையில் இல்லை, உஷ்ணத்தில் இருக்கிறது. சுடவேண்டிய இடம் நுனி மட்டுமே. பொறியின் சூடோ பக்கத்திலெல்லாம் பரவுகிறது. தோசைக்கல்லின் ஓர் ஓரத்தை மட்டும் சுட வைக்க முடியுமா? அதைப் போல. நிக்கல் உலோகம் தீயிலும் பலம் குன்றாமலிருக்க அதில் அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்திருப்பார்கள். தீயில் காப்பாற்றும் அந்தச் சேர்க்கையே வெல்டிங்கின்போது வினையாக முடிகிறது. சூடேறி ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. மெல்லிய தகடாக இருந்தால் வளைந்தும் போகிறது. பல் வலி தீர மருந்து போட்டு ஈறு வெந்த கதை!

வேலையைத் தேடி வந்த விளக்கு

ஆகவே வேண்டியது என்ன? உஷ்ணம் ஊசி முனை போல ஓரிடத்தில் மட்டும் இறங்க வேண்டும். உருக்கியவுடனே அகன்றுவிட வேண்டும். சிறு பிள்ளைகள் பூதக் கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்குவது உண்டு. வெயில் அதே வெயில்தான். ஒரு புள்ளியில் குவிந்தவுடன் அது நெருப்பு. வெயிலைவிடச் சீரான ஒளி கிடைத்தால் இன்னும் நுண்ணிய புள்ளியில் குவிக்கலாம்.

அந்த ஒளி 1960-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி கிடைத்தது. அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்ற விஞ்ஞானி ஒரு சிவப்புக் கல்லிலிருந்து முதல் லேஸர் கிரணத்தை வரவழைத்தார். சாதாரண விளக்கின் ஒளி திருவிழாக் கூட்டம் போல நாலா திசையும் போகும். லேஸர் ஒளி அணிவகுத்த சிப்பாய்கள் போல ஒரே திசையில், ஒரே நிறத்தில், ஒரே தாளத்தில் போகும். வித்தியாசம் அவ்வளவுதான், பலனோ பிரமாதம். ஆனால் அந்த நாளில், "விடை கிடைத்துவிட்டது, இனி இதற்குத் தகுந்த கேள்வியைத்தான் தேட வேண்டும்" என்ற தோரணையில் இதைக் கேலி செய்தவர்களே அதிகம்.

தேடியவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து, புனா எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்து, அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த குமார் படேல் அவர். 1964-ல் அவர் கரியமில வாயுவைக் கொண்டு லேஸர் உண்டாக்கினார். சோடாவில் பொங்குகிறதே, அதே வாயு! ஆராய்ச்சி மேஜையில் கண் சிமிட்டிக் கொண்டிருந்த லேஸர், இரும்பை வெட்டவும் பற்றவைக்கவும் தெம்பு பெற்றது இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான். இன்று தொழிற்சாலைகளில் கண்ணாடி இழைக்குள் பிறக்கும் லேஸர் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக் கொண்டுவிட்டது. ஆயினும் முதலில் பாதை போட்டது கரியமில வாயுதான்.

விமான இஞ்சினுக்கு இது வந்து சேர்ந்தது 1981 வாக்கில். இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி, 'ஆர்.பி. 211' என்ற இஞ்சினின் டர்பைன் இதழ்களில் ஒன்றோடொன்று உரசும் இடங்களுக்குக் கெட்டி உலோகப் பூச்சுப் போட லேஸரைப் பயன்படுத்தியது. உலோகத் தூளைத் தூவி, கிரணத்தால் உருக்கி, இதழோடு இதழாக ஒட்டவைத்தார்கள். தொழிற்சாலையில் இந்த முறை கையாளப்பட்டதற்கு முதல் உதாரணமாக இதைத்தான் சொல்கிறார்கள். இலங்கையின் ஏர் லங்கா ஒரு காலத்தில் ஓட்டிய 'டிரைஸ்டார்' விமானங்களில் இருந்ததும் இந்த 'ஆர்.பி. 211' இஞ்சின் குடும்பம்தான்.

பட்டறைக்குள் போவோம்

இன்றைய செப்பனிடும் கூடத்தில் ஓர் இதழுக்கு என்னென்ன உபசாரம் நடக்கிறது, பாருங்கள்.

முதலில் ஸ்நானம். பழைய பூச்சையும் கரியையும் ரசாயனத் தண்ணீரில் நீக்குகிறார்கள். அடுத்தது பரீட்சை. பச்சையாக ஒளிவிடும் ஒருவகை எண்ணெய்ச் சாயத்தில் இதழை முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு, இருட்டறையில் கருநீல விளக்கின் கீழ் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் பச்சைக் கோடாகப் பளிச்சிடும். எக்ஸ்ரேயும் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, "இது தேறும்" என்று எழுதப்பட்ட இதழ்தான் லேஸருக்குப் போகும்.

தேய்ந்த நுனியை முதலில் சீராக வெட்டிவிடுகிறார்கள். கிழிசலின் பிசிறைக் கத்தரித்துவிட்டு ஒட்டுத் துணி வைப்பதில்லையா, அதே நியாயம். பிறகு ஒரு காமிரா இதழைச் சுற்றிலும் அளக்கிறது. ஏன் என்றால், புதிதில் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருந்த இதழ்கள், ஆயிரக்கணக்கான மணி நேரம் தீயில் சுழன்று வந்த பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சற்று முறுக்கிக் கொண்டிருக்கும். ஒரே தாயின் பிள்ளைகள் மாதிரி! ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் ஒட்டுப் போட்டால் பொருந்தாது. எந்த இதழுக்கு எந்த வளைவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு லேஸருக்குச் சொல்கிறது.

இனிமேல்தான் வித்தை. மெல்லிய குழாய் வழியாக உலோகத் தூள் வருகிறது. பொடி என்றால் நம் தலைமயிரின் கனமுள்ள மணிகள். கிரணம் படும் புள்ளியில் இதழின் நுனி ஒரு சொட்டு உருகிக் குளமாகிறது. பொடி அதில் விழுந்து கரைகிறது. கிரணம் நகர்ந்ததும் உறைகிறது. ஒரு வரிசை முடிந்தால் அதன் மேல் இன்னொரு வரிசை. மாக்கோலம் காய்ந்தபின் அதே கோட்டின் மேல் மறுபடி இழைப்பது போல, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அடுக்குகளாக நுனி வளர்கிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு காவல். விரல் நீளம் தள்ளியிருக்கும் உலோகத்துக்கு மேலே நடந்தது தெரியவே தெரியாது.

முடிந்ததா? இல்லை. உலையில் வைத்துப் பக்குவம் செய்கிறார்கள். அதிகப்படியைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். மறுபடி பச்சைச் சாயம், மறுபடி இருட்டறை. எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்து வேலை. எந்த உறுப்பை, எந்த அளவு வரை, எந்த முறையில் செப்பனிடலாம் என்பது இஞ்சின் செய்தவர்களின் கையேட்டிலும் அரசாங்கத்தின் அனுமதியிலும் அடங்கியிருக்க வேண்டும். செய்தவரும் சோதித்தவரும் கையெழுத்துப் போடாத இதழ், தங்கத்தால் இழைத்ததாக இருந்தாலும் விமானத்தில் ஏறாது.

2022-ம் வருஷம் சிங்கப்பூரிலுள்ள ஜி.இ. கம்பெனியின் செப்பனிடும் கூடத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இதழ்களைப் பொடியில் புதைத்து வைத்து, நுனி மட்டும் தெரிய, லேஸரால் அதன் மேல் அடுக்கடுக்காக வரைந்து வளர்க்கும் முறை அது. காற்றை அமுக்கும் பகுதியின் இதழ்களுக்கு இதைப் பயன்படுத்தி, முன்னே ஒரு நாளில் செய்த வேலையைப் போல இரண்டு பங்கு செய்ய முடிகிறது என்று அந்தக் கம்பெனி தெரிவித்தது.

லேஸரும் கைவிரிக்கும் இடம்

இவ்வளவு கெட்டிக்கார ஒளி இருக்கும்போது எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள். கைப்பிடி வேறு, குக்கரின் உடம்பு வேறு என்று ஆரம்பத்தில் பார்த்தோம் அல்லவா? விமான இஞ்சினில் குக்கரின் உடம்புக்குச் சமமானது, இதழ்களைத் தாங்கும் சக்கரம். இதழ் ஒன்று உடைந்தால் அதைத் தடுத்து நிறுத்த உறை இருக்கிறது. சக்கரமே பிளந்தால் தடுக்க எந்த உறையாலும் ஆகாது. ஆகவே சக்கரத்துக்கு ஆயுள் கணக்கு உண்டு. இத்தனை தடவை ஏறி இறங்கியாயிற்று என்றால், பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் கழித்துக் கட்ட வேண்டியதுதான்.

1989-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி அமெரிக்காவில் ஸூ சிட்டி என்ற ஊரில் நடந்ததை நினைத்தால் மனம் பதறும். பறந்து கொண்டிருந்த டி.சி. 10 விமானத்தின் வால் பக்கத்து இஞ்சினில் விசிறிச் சக்கரம் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பும் குழாய்களையெல்லாம் அறுத்துவிட்டது. விமானிகள் கடைசி வரை போராடித் தரையிறக்கினார்கள். இருந்தும் 296 பேரில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காரணம் என்ன? சக்கரத்தின் உலோகத்தை உருக்கும்போதே உள்ளே புகுந்துவிட்ட ஒரு சிறு குறை. அதிலிருந்து வளர்ந்த வெடிப்பு. முந்திய வருஷம் நடந்த சோதனையிலேயே அந்த வெடிப்பைக் கண்டிருக்க முடியும் என்று விசாரணையில் தெரிய வந்தது. இருட்டறையில் பச்சைக் கோட்டைத் தேடும் கண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு, பார்த்தீர்களா?

சமீபத்திய கதை ஒன்றும் உண்டு. 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி இஞ்சின்களில் சிலவற்றின் சக்கரங்களைச் செய்த உலோகப் பொடியில் மாசு கலந்திருக்கலாம் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. உடனே என்ன செய்தார்கள்? லேஸரைக் கொண்டு ஒட்டவில்லை. இஞ்சின்களைக் கழற்றி, பிரித்து, சோதித்தார்கள். உலகெங்கும் செப்பனிடும் கூடங்களில் இடமில்லாமல் இஞ்சின்கள் வரிசையில் நின்றன. நம் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் மட்டும் 2024-ன் தொடக்கத்தில் 70-க்கு மேல் பறக்காமல் நின்றன. நஷ்டம் கோடிக்கணக்கில். ஆனாலும் "பரவாயில்லை, ஓட்டிப் பார்க்கலாம்" என்று விடவில்லை. "இது ஆகாது" என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருப்பதால்தான், "இது ஆகும்" என்று அவர்கள் கையெழுத்துப் போடும்போது நாம் நம்பி ஏறுகிறோம்.

ஆவடி மிக்ஸிக்கு என்ன சொல்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று ரயில் நின்று நின்று போகும் வழியெல்லாம் உலோகத்தோடு பழகிய கைகள். அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டு, டாங்கிகள் செய்தார்கள். டாங்கிக்கு இஞ்சின் செய்யும் தொழிற்சாலையும் அங்கேயே இருக்கிறது. இரும்புத் தகட்டை லேஸரால் காகிதம் போலக் கத்தரித்துத் தரும் பட்டறைகள் இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்வ சாதாரணம்.

"டாங்கி தரையில் ஓடுவது. விமானத்துக்கும் ஆவடிக்கும் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு சமாசாரம். ஆவடியில் பாதுகாப்புத் துறையின் போர் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேஜஸ் போர் விமானத்துக்கு அங்கே ஒரு சுழல் தண்டு வடிவமைத்தார்கள். 2023 மார்ச் 14-ந் தேதி பெங்களூரில் அதைப் பொருத்திய தேஜஸ் முதன்முறையாகப் பறந்து வெற்றி கண்டது.

அந்தத் தண்டுக்கு என்ன வேலை? உங்கள் மிக்ஸியில் மோட்டாருக்கும் ஜாருக்கும் நடுவே ஒரு சிறிய இணைப்பு இருக்கிறதே, அது தேய்ந்தால் மோட்டார் எவ்வளவு கத்தினாலும் சட்னி அரையாது அல்லவா? அந்த வேலைதான். இஞ்சினின் சக்தியில் ஒரு பங்கை எடுத்து, மின்சாரம் உண்டாக்கும் யந்திரம் முதலியவற்றை ஓட்டும் பல்சக்கரப் பெட்டிக்குக் கொண்டு சேர்க்கிறது. மெல்லியதாக இருக்க வேண்டும். மின்னல் வேகத்தில் சுற்ற வேண்டும். விமானம் பல்டி அடிக்கும்போது இரு முனையும் நேர்கோட்டிலிருந்து சற்று விலகினாலும் தாங்க வேண்டும். போதாக் குறைக்கு, ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் இருப்பது போல ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு தாளம் உண்டு. சுழலும் வேகம் அந்தத் தாளத்தோடு ஒத்துப் போய்விட்டால் தண்டு துள்ளிக் குதித்துத் தன்னையே முறித்துக் கொள்ளும். அந்தக் கண்டத்தைத் தாண்டும் உபாயத்துக்கு ஆவடிக்காரர்கள் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள். இந்த வகைத் தண்டு செய்யத் தெரிந்த நாடுகள் உலகில் மிகச் சில.

ஆனால் பிரயாணிகள் விமானங்களின் இஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் வேலையில் நம் நாடு வெகு காலம் பின்தங்கியே இருந்தது. நம் கம்பெனிகளின் இஞ்சின்கள் பெரும்பாலும் கடல் தாண்டிப் போய் வைத்தியம் பார்த்துக் கொண்டு திரும்பின. போகவர நாள், கூலி, அன்னியச் செலாவணி எல்லாம் நம் கணக்கில். இந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. பிரெஞ்சு நாட்டு சஃப்ரான் கம்பெனி, 'லீப்' இஞ்சின்களுக்கென்று ஹைதராபாத் விமான நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய செப்பனிடும் கூடம் கட்டியிருக்கிறது. 2025 நவம்பர் 26-ந் தேதி அது திறக்கப்பட்டது. முழு அளவில் இயங்கும்போது வருஷத்துக்கு 300 இஞ்சின்கள் வரை பார்க்க முடியும் என்பது திட்டம். ஹைதராபாத் நமக்கு ஓர் இரவு ரயில் தூரம்தான்.

பெண்ணுக்கு இந்த வேலையா?

இதனால்தான் அம்பத்தூர், ஆவடித் தாய்மார்களைக் கவனமாகப் படிக்கச் சொன்னேன். வெல்டிங் என்றால் கரி, புகை, முரட்டு வேலை என்று ஒதுக்கி வைத்த காலம் போய்க் கொண்டிருக்கிறது. இதழின் நுனியை வளர்ப்பதற்குத் தோள் பலம் வேண்டாம். நிதானமும், கூர்மையான கண்ணும், எழுதி வைக்கும் ஒழுங்கும் வேண்டும். புள்ளி பிசகாமல் கோலம் போடும் பெண்ணுக்கு இதெல்லாம் வராது என்று யார் சொன்னது?

அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் அம்பத்தூரிலேயே இருக்கிறது. வெல்டர் பயிற்சி ஒரு வருஷம். எட்டாம் வகுப்புத் தேறியவர்களே சேரக்கூடிய படிப்பு. அதை முடித்த மறுநாளே விமான இஞ்சினைத் தொட விட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அது நீண்ட ஏணி. டிப்ளமாவோ பட்டமோ சேர்ந்தால் உயரம் கூடும். திருச்சியில் பெல் நிறுவனத்தோடு சேர்ந்து 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. விமானத்தைப் பற்றியே படிக்க விரும்புகிறவர்களுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-லிருந்து இருக்கிறது. விமான வேலைக்கு வந்த வெல்டரை ஒரு தடவை தேறினால் போதும் என்று விட்டுவிடுவதும் கிடையாது. குறித்த காலத்துக்கு ஒரு முறை ஒட்டிக் காட்டித் தன் கை இன்னும் அதே கைதான் என்று நிரூபிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை, இதை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். கையில் பிடித்துக் கொண்டு வேலை செய்யும் லேஸர் வெல்டிங் யந்திரங்கள் இப்போது சின்னப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. உங்கள் கணவரோ பிள்ளையோ அத்தகைய பட்டறையில் வேலை செய்தால் இன்று ராத்திரியே கேளுங்கள்: "கண்ணாடி என்ன கண்ணாடி போடுகிறீர்கள்?" பழைய மின்சார வெல்டிங்கைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரியும், இரண்டொரு நாளில் ஆறிவிடும். லேஸர் அப்படியல்ல. வேலை செய்யும் கிரணம் கண்ணுக்கே தெரியாது. பளபளக்கும் தகட்டில் பட்டுத் திரும்பி ஒரு கண நேரம் கண்ணில் விழுந்தால் போதும், விழித்திரை பொசுங்கிவிடும். வலிக்காது. ஆறவும் ஆறாது. வெறும் கறுப்புக் கண்ணாடியும் வெல்டிங் முகமூடியும் இதற்குப் போதா. அந்த லேஸரின் ஒளி வகைக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தடுப்பு வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் அதே கண்ணாடி வேண்டும்.

விமானத்தின் இதழுக்கு ஒட்டுப் போட ஒளி வந்துவிட்டது. பொசுங்கிப் போன விழித்திரைக்கு ஒட்டுப் போட இன்னும் எதுவும் வரவில்லை. கண்ணாடி வாங்க முதலாளி யோசித்தால், "ஆகாது" என்று சொல்ல வேண்டியது வீட்டு எஜமானியம்மாள்தான்.